ஓடி முடித்த பிறகு படிக்கத் தெரியுமா? என்.டி.ஏ. போக நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன் நான். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது "சார், நான் என்.டி.ஏ. எழுதணும்" என்று வந்து நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே அம்மாவோ அப்பாவோ வருவார்கள். "பட்டாளத்துக்குப் போனா படிப்பு போயிடுமே சார்?" என்பது அவர்கள் கேள்வி.

போகாது. என்.டி.ஏ. என்பது முப்படைகளுக்கும் அதிகாரிகளைத் தயார்செய்யும் தேசிய பாதுகாப்பு அகாடமி. புனேவுக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. அங்கே மூன்று வருடம், ஆறு டேர்ம். அந்த மூன்று வருடமும் டிரில், ஓட்டம், நீச்சல், துப்பாக்கிப் பயிற்சி எல்லாம் உண்டு. கூடவே ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பும் உண்டு. இரண்டிலும் தேறினால்தான் வெளியே வர முடியும்.

ஆனால் பெற்றோர் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. இரண்டையும் ஒரே உடம்பு எப்படித் தாங்கும்? முதல் டேர்ம் முடிந்து விடுமுறைக்கு வந்த என் மாணவன் ஒருவன் சொன்னான்: "சார், ஓடுறது கஷ்டமில்ல. ஓடி முடிச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு ஃபேன் காத்துல உக்கார்ந்து பிசிக்ஸ் கேக்குறதுதான் கஷ்டம்." இவன் பள்ளியில் மாவட்ட அளவில் ஓடியவன். ஓட்டமும் வரும், படிப்பும் வரும். ஒன்றன் பின் ஒன்றாக வருவதுதான் அவனைச் சாய்த்தது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியது. தேர்வு, நேர்முகம் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். நான் அவற்றைச் சுருக்கமாகவே தொடுகிறேன்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், அப்போதைய தலைமைத் தளபதி ஆச்சின்லெக் தலைமையில் ஒரு குழு பல நாட்டு ராணுவக் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்து 1946 இறுதியில் அறிக்கை கொடுத்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் போகப்போகிற பிள்ளைகள் ஒரே இடத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1949 ஜனவரியில் டேராடூனில் தற்காலிகமாக ஆரம்பித்து, 1954 கடைசியில் கடக்வாஸ்லாவுக்கு வந்தார்கள். அங்கே தலைமைக் கட்டடத்தின் பெயர் சூடான் பிளாக். போரில் சூடானுக்காகச் சண்டையிட்ட இந்திய வீரர்களின் நினைவாக அந்நாடு கொடுத்த பணத்தில் ஒரு பங்கு இந்தக் கட்டடத்துக்கு வந்தது.

எல்லா நாடும் இப்படிச் செய்வதில்லை. பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட்டில் அதிகாரிப் பயிற்சி 44 வாரம்தான். சேருகிறவர்களில் பெரும்பாலானோர் பட்டத்தை வெளியே முடித்துவிட்டு வருகிறார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட்டில் நான்கு வருடம், பட்டமும் பயிற்சியும் சேர்ந்தே. நாம் பின்னதன் பக்கம் சாய்ந்தோம். அதே நேரம் பட்டம் முடித்தவர்களுக்கும் தனி வாசல் வைத்திருக்கிறோம். ஆக, முதல் வேலை வாசலைத் தேர்ந்தெடுப்பது.

முதல் படி: எந்த வாசல்?

பிளஸ் டூ முடிக்கும் வயதில் மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று என்.டி.ஏ. யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. ஒவ்வொரு முறையும் சுமார் 400 இடம். சேரும்போது வயது ஏறத்தாழ 16½க்கும் 19½க்கும் இடையில் இருக்க வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பிறந்த தேதி எல்லை ஒவ்வொரு அறிவிப்பிலும் துல்லியமாக இருக்கும். அதைப் பார்க்காமல் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிய பிள்ளையை எனக்குத் தெரியும். மூன்று நாள் வித்தியாசத்தில் போனது.

இரண்டாவது வாசல், தரைப்படையின் டெக்னிக்கல் என்ட்ரி. இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 சதவீதமும் ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்ணும் வேண்டும். தனி எழுத்துத் தேர்வு கிடையாது. கையில் வருவது பொறியியல் பட்டம். மூன்றாவது, கடற்படையின் பி.டெக். கேடட் என்ட்ரி. இதற்கும் ஜே.இ.இ. வேண்டும், மேலே சொன்ன மூன்று பாடங்களில் 70 சதவீதம் வேண்டும். படிப்பு நம் பக்கத்து மாநிலத்தில், கண்ணூர் மாவட்டம் எழிமலையில் நான்கு வருடம்.

ஜே.இ.இ.க்கு ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு வாசல்களையும் கவனிப்பதே இல்லை. ஆச்சரியமாக இருக்கும்.

பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்பதும் முக்கியம். என்.டி.ஏ.யில் தரைப்படைக்கு எந்தக் குரூப்பும் போதும், மதிப்பெண் எல்லையும் கிடையாது. விமானப்படை, கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். ஆனால் காமர்ஸ் படித்தவரும் தேர்வில் கணிதத் தாளை எழுதியே ஆக வேண்டும். அதனால் காமர்ஸ் பிள்ளைகளிடம் பதினொன்றாம் வகுப்பிலேயே கணக்கைத் தனியாகத் தொடங்கச் சொல்லிவிடுகிறேன்.

இன்னும் சின்ன வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். டேராடூனில் இருக்கும் ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியில் எட்டாம் வகுப்பில் சேர்க்கிறார்கள். அதற்கான தேர்வை நம் மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. 2000 முதல் 2002 வரை தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தரராஜன் பத்மநாபன் அந்தக் கல்லூரியிலும் பிறகு என்.டி.ஏ.யிலும் படித்தவர்.

"இப்போதே முடிவெடுக்க முடியவில்லை, முதலில் ஒரு டிகிரி முடிக்கிறேன்" என்றால் அதிலும் தப்பில்லை. பட்டதாரிகளுக்கு சி.டி.எஸ். என்ற ஒருங்கிணைந்த படைப்பணித் தேர்வு இருக்கிறது. பரங்கிமலையில் 1963 முதல் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி. அங்கே பயிற்சி முடிக்கிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு முதுநிலை டிப்ளமோவும் தருகிறது. சிப்பாயாக ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. டேராடூனில் ஆர்மி கேடட் காலேஜ் என்ற பிரிவில் மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கி அதிகாரியாகலாம். இதை ஊரில் யாரும் சொல்வதில்லை. அக்னிவீரராகச் சேரத் தயாராகும் தம்பிகள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு என்.டி.ஏ. வாசல் 2021 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு திறந்தது. 2022இல் சேர்ந்த முதல் அணியிலிருந்து 17 பெண்கள் 2025 மே 30 அன்று அணிவகுத்து வெளியே வந்தார்கள். பாடமும் பட்டமும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டாம் படி: எழுத்துத் தேர்வு

கணிதம் 300 மதிப்பெண், 120 கேள்வி. பொதுத் திறன் 600 மதிப்பெண், 150 கேள்வி. இந்த 600இல் ஆங்கிலத்துக்கு 200. ஒவ்வொரு தாளுக்கும் இரண்டரை மணி நேரம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும்.

சமீப ஆண்டுகளில் எழுத்துத் தேர்வின் கட்-ஆஃப் 900க்கு 300ஐ ஒட்டியே நின்றிருக்கிறது. முதலில் கேட்கும்போது சுலபமாகத் தோன்றும். கழியும் மதிப்பெண்தான் அதைக் கடினமாக்குகிறது. தெரிந்ததை மட்டும் எழுதிவிட்டு எழுந்து வரத் தெரிந்த பிள்ளை தேறுகிறது. எதையும் விடக் கூடாது என்று பள்ளியில் பழகிய பிள்ளை கோட்டை விடுகிறது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு சொல். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் மட்டும்தான் வரும். கணக்கு உங்களுக்குத் தெரியும், அதன் பெயர்தான் தெரியாது. தொகையிடல் என்று படித்ததை இன்டகிரேஷன் என்றும், அணியை மேட்ரிக்ஸ் என்றும், நிகழ்தகவை ப்ராபபிலிட்டி என்றும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். நூற்றைம்பது சொல்லுக்குள் முடிந்துவிடும். என் மாணவர்களுக்கு இதற்கு இரண்டு மாதம்தான் ஆனது. ஆங்கிலத் தாள் வேறு விஷயம். அதற்குத் தினமும் ஒரு பக்கம் நாளிதழ் என்பதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: எஸ்.எஸ்.பி.யும் மெடிக்கலும்

எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரில் அழைத்துச் சோதிக்கும் படைத் தேர்வு வாரியம்தான் எஸ்.எஸ்.பி. எழுத்துத் தேர்வுக்கு 900 என்றால் இதற்கும் 900. ஐந்து நாள் அவர்கள் மையத்திலேயே தங்க வேண்டும். முதல் நாள் ஸ்கிரீனிங்கிலேயே பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பப்படுவது சாதாரணம். மிஞ்சியவர்களுக்கு உளவியல் சோதனை, மைதானத்தில் குழுப் பணிகள், நேர்முகம், கடைசி நாள் கான்ஃபரன்ஸ். உளவியல் நாளில் 60 சொற்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு சொல்லுக்கு 15 விநாடியில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். மனப்பாடம் செய்த வாக்கியங்களை எழுதுகிறவர்கள் இருபதாவது சொல்லுக்குள் தடுமாறிவிடுவார்கள். கையில் மூச்சு வாங்கினாற்போல் எழுத்து மாறும், பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் முறை போகிறவர்களுக்கு மூன்றடுக்கு ஏசி ரயில் கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். விமானியாக விரும்புகிறவர்களுக்குக் கணினித் திறன் சோதனை ஒன்று இருக்கிறது. அது வாழ்நாளில் ஒரே முறைதான், காய்ச்சலோடு போய் உட்காராதீர்கள்.

மெடிக்கலில் தட்டைப் பாதம், முட்டி தட்டுவது, நிறக் குருடு, பற்கள், காதில் அடைத்த அழுக்கு என்று பார்ப்பார்கள். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே ஒரு கண் மருத்துவரையும் பல் மருத்துவரையும் பார்த்துவிடுவது நல்லது. காது அழுக்குக்காகத் தற்காலிக நிராகரிப்பு வாங்கிய பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

நான்காம் படி: காத்திருக்கும் ஒன்பது மாதம்

எனக்குப் பேச ஆசையான இடம் இதுதான். ஏப்ரலில் தேர்வு எழுதினால் அடுத்த ஜனவரியில் பயிற்சி ஆரம்பம். செப்டம்பரில் எழுதினால் அடுத்த ஜூலை. நடுவில் ஒன்பது, பத்து மாதம் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இந்தக் காலத்தை எஸ்.எஸ்.பி. பதற்றத்திலும் பிறகு ஊர் சுற்றுவதிலும் கழிக்கிறார்கள்.

முதலில், ஏதாவது ஒரு கல்லூரியில் சேர்ந்துவிடுங்கள். மெரிட் லிஸ்ட்டில் பெயர் வராவிட்டால் வருடம் வீணாகாது. சேரும்போதே, நடுவில் விலகினால் அசல் சான்றிதழ்களை எத்தனை நாளில் தருவார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு முழு வருடக் கட்டணத்தையும் கேட்ட ஒரு கல்லூரியோடு நானும் ஒரு பையனின் அப்பாவும் நான்கு நாள் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

அடுத்தது உடம்பு. 2.4 கிலோமீட்டரை 15 நிமிடத்தில் ஓடுவது, தண்டால் 20, சிட்-அப் 20, கம்பியில் தொங்கி எழுவது 8, மூன்று நான்கு மீட்டர் கயிறு ஏறுவது, ஸ்கிப்பிங். இந்த அளவுக்காவது தயாராக வரச் சொல்லி யு.பி.எஸ்.சி. அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். இது வாசற்படி மட்டும். உள்ளே ஸ்குவாட்ரன் எனப்படும் கேடட் குழுக்களுக்கு இடையே நடக்கும் கிராஸ் கன்ட்ரி ஓட்டம் 12 கிலோமீட்டருக்கு மேல். நீச்சலும் கட்டாயம் உண்டு. கிணற்றில் குதித்துப் பழகிய கிராமத்துப் பிள்ளைகள் இதில் நகரத்துப் பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிடுவார்கள். கழுத்தைத் தண்ணீருக்கு மேலே வைத்தே நீந்தும் வழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது முக்கியமான பயிற்சி. இதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை, ஓடி முடித்து பிசிக்ஸ் கேட்பதுதான் கஷ்டம் என்றானே, அந்தப் பையன் சொன்னதிலிருந்து நானே பின்னி எடுத்தது. அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுங்கள். குளியுங்கள். வயிறு நிறையச் சாப்பிடுங்கள். உடனே ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து 45 நிமிடம் படியுங்கள். மெத்தை கூடாது, கைபேசி கூடாது, சாய்மானம் கூடாது.

முதல் இரண்டு வாரம் கண் சொக்கும். ஒன்றும் மண்டையில் ஏறாது. பரவாயில்லை, அந்த வாரங்களில் சுலபமானதைப் படியுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து கணக்குப் போடுங்கள். படிப்பதற்கும் போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது: கை அசைந்தால் தூக்கம் கொஞ்சம் தள்ளிப்போகும். ஐந்தாவது வாரத்திலிருந்து இயற்பியல் பாடத்தின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, புரிந்ததைப் பத்து வரியில் எழுதுங்கள். நோட்டின் ஓரத்தில் எத்தனையாவது நிமிடத்தில் தலை சாய்ந்தது என்று குறித்துவையுங்கள். என் மாணவி ஒருத்தி இப்படிக் குறித்ததில், தன் தூக்கம் சரியாக இருபதாவது நிமிடத்தில் வருகிறது என்று கண்டுபிடித்தாள். பதினெட்டாவது நிமிடத்தில் எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான் தந்திரம்.

இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். ராத்திரி கண்விழித்துப் படித்தே பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு இதுதான் கஷ்டம். அங்கே இரவு உங்களுடையது அல்ல.

ஹிந்தியும் கொஞ்சம் வேண்டும். பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் டிரில் கட்டளைகள் ஹிந்தியில். சாவ்தான், விஸ்ராம், தாஹினே முட், பாயேன் முட், தேஸ் சல், தம். இவற்றை முதல் நாளே தெரிந்து வைத்திருந்தால், எல்லாரும் வலப்பக்கம் திரும்பும்போது நீங்கள் மட்டும் இடப்பக்கம் திரும்பி, டிரில் சொல்லித்தரும் உஸ்தாதின் கண்ணில் படாமல் இருக்கலாம்.

ஐந்தாம் படி: முதல் டேர்ம்

பயிற்சி, தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம், மருத்துவம் எல்லாம் அரசுச் செலவு. பாக்கெட் மணியும் சொந்தச் செலவும் பெற்றோருடையது. சேரும்போது ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்கள். சொந்த விருப்பத்தில் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது அதில் இருக்கும். அந்தக் காகிதத்தை அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து வாசியுங்கள்.

காலையில் டிரில் அல்லது பி.டி., பிறகு வகுப்புகள், மாலையில் விளையாட்டு, இரவில் படிப்பு நேரம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கும். நடுநடுவே பூட்ஸ் பாலிஷ், சீனியர் கூப்பிட்டார், சைக்கிள் பஞ்சர், உடை மாற்ற ஐந்து நிமிடம் என்று நேரத்தைக் கறையான் அரிக்கும். முதல் டேர்மில் டிரில் சோதனையில் தேறும் வரை வெளியே ஊர் சுற்ற விடமாட்டார்கள். அதனால் பிள்ளைகள் மொத்தக் கவனத்தையும் டிரிலில் வைத்துவிட்டு, படிப்பைப் பரீட்சை வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறார்கள். அங்கேதான் தப்பு.

படிப்பில் தவறினாலும் சரி, உடற்பயிற்சியில் தவறினாலும் சரி, ரெலிகேட் ஆக வேண்டிவரும். அதாவது உங்கள் கோர்ஸ் மேலே போகும், நீங்கள் ஆறு மாதம் பின்னால் தங்கி, நேற்று வரை ஜூனியராக இருந்தவர்களோடு வரிசையில் நிற்பீர்கள். அதுவே திரும்பத் திரும்ப நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நடைமுறையில் உதவியவை என்று பிள்ளைகள் சொன்னவை இவை. வகுப்பில் முதல் வரிசையில் உட்காருங்கள். தூக்கம் வந்தால் கேட்டுவிட்டு எழுந்து பின்னால் போய் நின்று கவனியுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏற்கெனவே இரண்டு பேர் அங்கே நின்றுகொண்டிருப்பார்கள். குறிப்புகளைக் கையால் எழுதுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வியாவது கேளுங்கள். கேள்வி தயார் செய்கிற மூளை தூங்காது. இரவுப் படிப்பு நேரத்தில் புதிதாக எதையும் தொடாமல், அன்று காலை வகுப்பில் நடந்ததை மட்டும் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி கோர்ஸ்மேட்தான். தென்காசிப் பக்கத்துப் பையன் ஒருவன் ஹரியானாப் பையனுக்குக் கால்குலஸ் சொல்லிக்கொடுத்தான். அவன் இவனுக்கு ஹிந்தியும் கயிறு ஏறும் உத்தியும் சொல்லிக்கொடுத்தான். இரண்டு பேரும் தேறினார்கள். தனியாகப் படித்து முதல் மார்க் வாங்கிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கூச்சத்தை ரயிலிலேயே விட்டுவிடுங்கள்.

மைதானத்தில் கிடைக்கும் கணக்கு

படிப்பும் பயிற்சியும் ஒன்றின் நேரத்தை இன்னொன்று தின்கிற இரண்டு எதிரிகள் என்று நினைத்தால் மூன்று வருடம் நரகம்தான். இரண்டும் சந்திக்கிற இடங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணக்கு வாத்தியாராக எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன்.

பள்ளியில் வட்டத்தை 360 பாகையாகப் பிரிக்கிறோம். ரேடியனும் படிக்கிறோம், அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ராணுவத் திசைகாட்டிகளில் வட்டத்தை 6400 மில்லாகப் பிரிக்கும் முறை உண்டு. ஏன் 6400? ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒரு பங்கை எடுத்தால், முழு வட்டத்துக்கு 2000 பை, அதாவது சுமார் 6283 வரும். அதை வகுக்க வசதியாக 6400 ஆக்கிக்கொண்டார்கள். பயன் என்ன? ஒரு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மில் என்பது ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாலத்தின் இரு முனைகளுக்கு இடையே 30 மில் காட்டினால், பாலத்தின் நீளம் சுமார் 60 மீட்டர். கால்குலேட்டர் வேண்டாம், காகிதம் வேண்டாம்.

இதை வகுப்பறையில் புரிந்துகொண்டு போகிற கேடட்டுக்கு முகாமில் வரைபடம் படிப்பது விளையாட்டு மாதிரி. முகாமில் கற்றுக்கொண்டு வருகிறவனுக்குத் திரிகோணமிதி வகுப்பில் திடீரென்று விளக்கு எரியும். என்.டி.ஏ.யில் கிரீன்ஹார்ன், ரோவர்ஸ், டோர்னா என்று படிப்படியாகக் கடினமாகும் முகாம்கள் உண்டு. டோர்னா என்பது சிவாஜி இளவயதில் பிடித்த மலைக்கோட்டை. அந்த மலைகளில் ராத்திரியில் வழி கண்டுபிடித்துப் போகும்போது, வரைபடத்தில் நெருங்கி நெருங்கி வரும் சமவுயரக் கோடுகளின் பொருள் தொடை நரம்பில் பதியும். புவியியல் பாடத்தில் அதை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் அப்படிப் பதியாது.

வரலாறு, பன்னாட்டு உறவு படிக்கிறவர்களுக்கும் இதே வாய்ப்பு உண்டு. கேடட்டுகள் ஒரு வெளிநாட்டு மொழியும் படிக்கிறார்கள். சிலர் அதைத் தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பெரிய இழப்பு.

எந்தப் பட்டம் எடுப்பது?

தரைப்படைக் கேடட்டுகளுக்கு பி.ஏ., பி.எஸ்சி., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கடற்படை, விமானப்படைக் கேடட்டுகளுக்கு பி.டெக். இது கடக்வாஸ்லாவில் முடியாது, மீதி எழிமலையிலும் விமானப்படை அகாடமியிலும் தொடரும். தரைப்படைக் கேடட் அடுத்த ஒரு வருடம் டேராடூன் இந்திய ராணுவ அகாடமிக்குப் போகிறார். அங்கேதான் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை ஆரம்பிக்கிறது.

"சுலபமாக இருக்கும்" என்பதற்காக மட்டும் பி.ஏ. எடுக்காதீர்கள். நிறைய வாசிக்கவும் எழுதவும் வேண்டிய படிப்பு அது, களைத்த உடம்புக்கு நீண்ட கட்டுரையைவிடக் கணக்கே தேவலை என்று சொன்ன பிள்ளைகள் உண்டு. எதைக் களைப்பிலும் உங்களால் தொட முடிகிறது என்று பாருங்கள். அந்த ஒன்பது மாத நோட்டை எடுத்துப் பார்த்தாலே விடை கிடைக்கும்.

அடிபட்டால்?

இதைப் பற்றிப் பேசாமல் வழிகாட்டி எழுதுவது நியாயமில்லை. பயிற்சியில் முதுகு, முழங்கால் போனவர்கள் இருக்கிறார்கள். சிலர் மருத்துவக் காரணத்தால் வெளியே அனுப்பப்படுகிறார்கள். இவர்களுக்கு முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது என்பது நீண்ட நாள் குறை. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்தது. அதே மாதம் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டத்தை இவர்களுக்கும் விரிவாக்க அரசு ஒப்புக்கொண்டது.

செய்ய வேண்டியவை இரண்டு. வலியை மறைக்காதீர்கள். "சொன்னால் டேர்ம் போய்விடும்" என்று மறைத்த எலும்பு விரிசல்தான் பிறகு முழுதாக முறிகிறது. இரண்டாவது, மருத்துவமனைச் சீட்டுகள், ஒவ்வொரு டேர்மின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். ஒருவேளை வெளியே வர நேர்ந்தால், முடித்த டேர்ம்களின் படிப்பைக் காட்ட அந்தக் காகிதங்கள்தான் கையில் இருக்கும்.

பட்டம் பிறகு எதற்கு?

லெஃப்டினன்ட் ஆன பிறகு யாரும் உங்கள் பி.எஸ்சி. மதிப்பெண்ணைக் கேட்கப் போவதில்லை. ஆனால் பத்து வருடம் கழித்து, நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் பணியாளர் கல்லூரிக்குப் போகும் அதிகாரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டத்துக்குப் படிக்கிறார்கள். அங்கே ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். பகலில் துருப்புகளோடு இருந்துவிட்டு ராத்திரி அந்தக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வுக்குப் படித்த ஓர் அதிகாரி என்னிடம் சொன்னார், முதல் டேர்மில் வகுப்பின் பின்வரிசையில் நின்று படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம்.

பெற்றோருக்குக் கடைசியாக ஒரு வேலை. ஆறாவது டேர்ம் முடிவில் கேத்தர்பால் மைதானத்தில் பாஸிங் அவுட் பரேடு நடக்கும். எல்லாரும் அதற்குத்தான் நாள் குறிக்கிறார்கள், அன்று காலை போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுகிறார்கள். பட்டமளிப்பு விழா அதற்கு முந்தைய நாளே நடந்து முடிந்துவிடும். புனேவுக்கு ரயில் பார்க்கும்போது இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேருவதாகவே பாருங்கள், படிப்பு போயிடுமே என்று கேட்ட அம்மா முக்கியமாக அந்த ரயிலில் இருக்கட்டும்.